ஓணான் கொடுத்த ஆமாம்

எறும்பு கேட்டால் எருமை பதில் சொன்ன அந்தக் காலத்தில், ஒரு கண்மாய்க்கரை வேலியில் முள்ளாண்டி என்றோர் ஓணான் குடியிருந்தான். அப்போதெல்லாம் ஓணானின் தலை மற்றப் பிராணிகளின் தலையைப் போல வைத்த இடத்தில் இருந்தது. வாய்தான் சும்மா இருக்காது. எதைச் சொன்னாலும் "அப்படின்னா என்ன?" என்பான். மழை வரப்போகிறது என்று தவளை சொன்னால், அது உனக்கு எப்படித் தெரியும் என்பான். தெரிந்த விதத்தைச் சொன்னால், அது ஏன் அப்படி என்பான். ஒருமுறை நத்தை அவனுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மழையே வந்துவிட்டது.

தொல்லைதான். ஆனாலும் கண்மாய்க்கரையில் யாருக்கு எந்தப் புது விஷயம் வந்தாலும் முதலில் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். முள்ளாண்டிக்குப் புரிந்துவிட்டது என்றால் அதில் ஓட்டை இல்லை என்று அர்த்தம். "முள்ளாண்டி ஆமாம்னு சொல்லிட்டானா?" என்று விசாரித்துவிட்டுத்தான் முயல்கூட வளைக்கு இடம் பார்க்கும்.

வேலிக்கு உள்ளே ஓர் அத்திக்கன்று. அதில் நூலி என்ற தையல்சிட்டு கூடு வைத்திருந்தாள். தாழ்ந்த கிளையில் ஓர் இலையைக் குழலாக மடித்து, விளிம்பில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலும் பஞ்சும் கோத்துத் தைத்த கூடு. சுற்றிலும் இலைகள் மூடியிருந்ததால் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் கூடு என்று தெரியாது. உள்ளே மூன்று முட்டைகள். போன வருஷத்து முட்டைகளைப் புயலில் பறிகொடுத்தவள், இந்த மூன்றையும் இரை தேடப் போகும்போதுகூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அடைகாத்து வந்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. எதிர்க்கரைப் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டித் தொங்கவிட்டிருந்தன. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

"நானுந்தான் தைக்கிறேன் அண்ணே," என்பாள் முள்ளாண்டியிடம். "என் தையலைப் பார்த்தது நீ ஒருத்தன்தான். நாலு பேரு பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னா என்ன கொறஞ்சிரும்?"

அந்த ஆசையில் தப்பொன்றும் இல்லை. நன்றாக வேலை செய்கிற எல்லோருக்கும் அது உள்ளதுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஊர்ப்பக்கமிருந்து பொன்வாயன் என்ற மைனா வந்து சேர்ந்தான். இன்றைக்குக் குளிர்சாதன அறையில் வண்ண வண்ணப் படம் போட்டுக் காட்டி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று வாய் நிறைய வார்த்தைகளை உருட்டுகிறார்களே, அவர்களுக்கெல்லாம் மூத்தவன் அவன். கண்ணைச் சுற்றி மஞ்சள் மை, நடையில் மிடுக்கு. வந்த அன்றே கருவேல மரத்தடியில் கூட்டம் கூட்டிவிட்டான்.

"அன்பர்களே, காலம் மாறிவிட்டது," என்று ஆரம்பித்தான். "கூடு கட்டுவது, வளை தோண்டுவது, இதெல்லாம் பழைய முறை. இனிமேல் எல்லாம் முழுமுனைக் காண்மைதான்."

முள்ளாண்டி வழக்கம்போல் கழுத்தை நீட்டினான். "காண்மைன்னா என்ன?"

பொன்வாயன் பேச்சை நிறுத்தி அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி மெல்லச் சிரித்தான். "காண்மை தெரியாதவங்களும் இன்னும் இருக்காங்களா? பரவாயில்ல. வேலியிலேயே இருக்கறவங்களுக்கு இதெல்லாம் வந்து சேரக் கொஞ்சம் நாளாகும்."

முயல் சிரித்தது. முயல் சிரித்ததைப் பார்த்துத் தவளையும் சிரித்தது. முள்ளாண்டிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவனுடைய கேள்விகளுக்கு எரிச்சல்பட்டவர்கள் உண்டு, ஓடி ஒளிந்தவர்கள் உண்டு. கேட்டதற்காக யாரும் அவனைப் பார்த்துச் சிரித்ததில்லை.

"காண்மை வந்தா பரவுவீச்சு வரும்," என்று பொன்வாயன் தொடர்ந்தான். "பரவுவீச்சு வந்தா பின்தொடர்வோர் வருவாங்க. பின்தொடர்வோர் பெருகிட்டா ஈர்ப்புச்சுழி தானாச் சுழலும்."

ஒவ்வொரு வார்த்தைக்கும் கூட்டம் "ஆகா" என்றது. பரவுவீச்சு என்றால் என்ன என்ற கேள்வி முள்ளாண்டியின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டான். ஈர்ப்புச்சுழியையும் விழுங்கினான்.

கடைசியில் பொன்வாயன் நூலியைப் பார்த்தான். "எவ்வளவு பெரிய திறமை, இப்படி இலைக்கு அடியில முடங்கிக் கெடக்கு. உன் கூட்டைக் காண்மைக்குக் கொண்டு வாம்மா. ரெண்டு மூணு நாள்ல இந்தக் கரை முழுக்க உன் பேச்சாத்தான் இருக்கும்."

நூலிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. கூட்டத்துக்குள் முள்ளாண்டியைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். "அண்ணே, உனக்குப் புரிஞ்சுதா? செய்யலாமா?"

எல்லார் கண்ணும் அவன்மேல் திரும்பியது. புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முயல் இன்னொரு தடவை சிரிக்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவைத் தாங்க அவனுக்கு அன்று தெம்பில்லை. ஆமாம் என்று வாயால் சொல்லவும் நா எழவில்லை. தலையை மட்டும் ஒரே ஒருமுறை மேலிருந்து கீழே அசைத்தான்.

நூலிக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று மாலையே கூட்டை மூடியிருந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கொத்தி உதிர்த்தாள். தையல் பளிச்சென்று தெரிந்தது. வாசலில் கல்யாண முருங்கைப் பூவின் சிவப்பு இதழ் இரண்டைச் செருகிவைத்தாள்.

கரையே திரண்டு வந்தது. கொக்கு வந்தது, அணில் வந்தது, கீரி குடும்பத்தோடு வந்தது. மேல்கிளையில் உட்கார்ந்துகொண்டு பொன்வாயன், "நாற்பது பார்வை, நாற்பத்தோரு பார்வை" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, எதிர்க்கரையிலேருந்து தூக்கணாங்குருவியே வந்து பார்த்துட்டுப் போச்சு," என்றாள் நூலி. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவன் பார்த்ததில்லை. அவனும் சந்தோஷப்படத்தான் பார்த்தான். விழுங்கிய கேள்விகள் விடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பொறுக்க முடியாமல் வேலியை விட்டு இறங்கினான். ஊர் எல்லைப் புளியமரத்தில் பொன்வாயன் தனியாக இறகு கோதிக்கொண்டிருந்தான்.

"இங்க நாம ரெண்டு பேருதான். சிரிக்க ஆள் இல்ல," என்றான் முள்ளாண்டி. "இப்பச் சொல்லு. காண்மைன்னா என்ன?"

பொன்வாயன் அக்கம்பக்கம் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "தெரியாது."

"பரவுவீச்சு?"

"அதுவும் தெரியாது. நான் மைனாப்பா. காதுல விழுந்ததைச் சொல்லுவேன். ஊர்ல ஒரு கூட்டத்துல ஒருத்தரு இதையெல்லாம் பேசினாரு. அத்தனை பேரும் தலையாட்டினாங்க. அர்த்தம் இல்லாமலா ஆட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "உன்கிட்டயே தனியாக் கேட்டுக்கலாம்னு இருந்தேன். நீ வேற தலையாட்டினியா, உனக்குத் தெரிஞ்சிருக்குன்னு விட்டுட்டேன்," என்றான்.

முள்ளாண்டி அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். காண்மை. காண். கண். கண்ணில் படுவது. அட, இவ்வளவுதானா? புரிந்துவிட்டதே என்று ஒரு கணம் அவனுக்குக் குஷிகூட வந்தது. பழக்கதோஷத்தில் அடுத்த கேள்வியும் வந்தது. கண்ணில் படுவதென்றால், யார் கண்ணில்?

முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. பின்தொடர்வோர் என்றால் பின்னாலேயே வருகிறவர்கள். முட்டைக்குப் பின்னால் யார் வருவார்கள் என்று அவனுக்குத் தெரியும். கண் தெரியாத பூச்சியைக் கேட்டாலும் சொல்லும்.

ஓடினான். வரப்பும் முள்ளும் பார்க்காமல் ஓடினான். அவன் அத்திக்கன்றுக்கு வந்தபோது சிவந்த கண்ணோடு ஒரு செம்போத்து கீழ்க்கிளையிலிருந்து இறங்கிப் புதருக்குள் போய்க்கொண்டிருந்தது. கூடு கிழிந்து தொங்கியது. தரையில் முட்டை ஓடுகள். நூலி இந்தக் கிளைக்கும் அந்தக் கிளைக்குமாகப் பறந்து பறந்து கத்திக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே பறந்துவந்த பொன்வாயன், "நேத்து வரைக்கும் எண்பது பார்..." என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

சத்தம் கேட்டு எல்லோரும் கூடினார்கள். தவளைதான் முதலில் வாயைத் திறந்தது. "எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே புரியல. முயல் சிரிச்சதுன்னு சிரிச்சேன்."

"எனக்கு மட்டும் புரிஞ்சுதாக்கும்?" என்றது முயல். "முள்ளாண்டி தலையாட்டினானே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

கத்தி ஓய்ந்த நூலி முள்ளாண்டிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவங்களை நான் கேக்கல. உன்னைத்தான் கேட்டேன். உனக்குப் புரிஞ்சுதா அண்ணே?"

"இல்ல," என்றான் முள்ளாண்டி.

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. நான் சிரிச்சிருக்க மாட்டேன்."

அழுகை வந்தது, ஓணானுக்கு அழத் தெரியாது.

"நீ ஆட்டினதைத் திருப்பி எடுத்துக்கோ," என்று சொல்லிவிட்டு நூலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீழே போன தலையை மேலே தூக்கினால் கொடுத்தது திரும்பிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. தூக்கினான். அவள் பார்க்கவில்லை. அவள் பார்க்க மறுபடி தூக்க வேண்டும், தூக்க வேண்டுமென்றால் முதலில் இறக்க வேண்டும். இறக்கினான். ஐயோ, இது இன்னொரு ஆமாம் ஆகிவிட்டதே என்று பதறி உடனே தூக்கினான். தூக்கிய தலையை எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருக்க முடியும்? கழுத்து வலித்து இறங்கியது. மறுபடி தூக்கினான்.

நூலி வேறு ஊருக்குப் பறந்து போய்விட்டாள். அவன் நிறுத்தவில்லை.

அன்று பிடித்த ஆட்டம்தான் இன்றுவரை ஓணானை விடவில்லை. வேலிமேல் உட்கார்ந்து அது தலையாட்டுவதைப் பார்த்தால், எதற்கோ சம்மதம் சொல்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். என்றைக்கோ கொடுத்த ஒரே ஓர் ஆமாமை அது இன்னும் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறது.