நிற்காத டிவி

சோலையப்பனுக்குத் தியானத்தில் மனம் நிற்கவில்லை. கண்ணை மூடினால் டிவிதான் வந்தது.

ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது. அவருடைய குரு சுடர்க்கொடி அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சோலையப்பன் அதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று தியானம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் அவர் உட்கார்ந்தே இருந்தார்.

"என்னய்யா?" என்றார் குரு.

"சின்ன விஷயம்தாம்மா. கேக்கவே கூச்சமா இருக்கு. வீட்டுல ஒரு பழைய குண்டு டிவி. ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு நின்னுரும். பக்கவாட்டுல தட்டினா வரும். மூணு வாரம் முன்னால ஒரேயடியா நின்னுபோச்சு."

"சரி."

"மெக்கானிக் சரி பண்ணிரலாம்கிறான், ஆனா எத்தன நாளைக்குன்னு சொல்ல மாட்டேங்கிறான். மக போன்ல புதுசு வாங்குங்கிறா. தெனமும் கடை கடையா அலையுறேன். முடிவு பண்ண முடியல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்படியே செஞ்சிருதேன்."

"யார் பாக்குற டிவி?"

"என் வீட்டுக்காரிதான். பக்கவாதம் வந்து ஒரு வருஷமா கட்டில்ல கெடக்கா. அவளுக்கு வேற என்ன பொழுதுபோக்கு? டிவி போனதுலேருந்து மொகமே செத்துப்போச்சு. எம்மேல கோவம்."

"அவங்க என்ன சொல்றாங்க?"

சோலையப்பன் தயங்கினார். "அவளுக்குப் பேச்சு வர ரொம்ப நேரமாகும்மா."

சுடர்க்கொடி அம்மா எழுந்து செருப்பை மாட்டினார். "வாங்க, போவோம்."

வீட்டில் பேச்சியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குரு கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, டிவியை ரிப்பேர் பண்ணவா, புதுசு வாங்கவான்னு ஐயா முழிக்கிறாரு. உங்களுக்கு எது வேணும்?"

பேச்சியம்மாளின் உதடு கோணிக்கொண்டு அசைந்தது. "ரெ... ரெண்..."

"ரெண்டுல எதுனாலும் சரின்னு சொல்லுதா" என்றார் சோலையப்பன்.

குரு கையை உயர்த்தினார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

வெளியே ஒரு பால் வண்டி மணியடித்துக்கொண்டு போய், தெரு முனையில் திரும்பி, சத்தம் அடங்கியது. அவ்வளவு நேரம் ஆயிற்று.

"ரெண்டும்... வேண்டாம்."

சோலையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேண்டாமா? பெறகு நீ நாள் பூரா என்ன செய்வ?"

இந்த முறை அவராகவே நிறுத்திக்கொண்டார். காத்திருந்தார்.

"பழசு... அடிக்கடி நிக்கும்" என்றார் பேச்சியம்மாள். மூச்சு வாங்கினார். "நின்னா... வாசல்லேருந்து இவரு... ஓடியாருவாரு. தட்டுவாரு. மறுபடி நின்னுருமோன்னு... கொஞ்ச நேரம்... பக்கத்துல உக்காந்திருப்பாரு."

அவர் பார்வை மூலையில் நின்ற டிவியின் மேல் போனது.

"இப்ப... கடைக்குப் போயிருதாரு. புதுசு வந்தா..." கண் ஓரத்தில் நீர் கோத்தது. "புதுசு நிக்காதுல்ல."

சோலையப்பன் கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவியின் அசையாத கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கோவம்னு நெனச்சேம்புள்ள. நீ நிம்மதியாப் பாக்கட்டும்னுதான் வாசலுக்குப் போவேன்."

பேச்சியம்மாள் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப் போனதுபோல சோலையப்பனும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குரு கிளம்பியபோது சோலையப்பன் வாசல்வரை வந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப நான் என்னதாம்மா செய்ய? ரிப்பேரா, புதுசா?"

"புதுசே வாங்குங்கய்யா" என்றார் சுடர்க்கொடி அம்மா. "அது நிக்காம ஓடும்போதும் நீங்க வந்து உக்காருறதை அவங்க பாக்கட்டும்."