மழைக்கு வாய்தா வாங்கிய வக்கீல்

வக்கீல் நம்பிராஜனுக்கு ஒரு பழக்கம். கட்சிக்காரர் கையில் பேனாவைக் கொடுப்பதற்கு முன்னால், குடும்ப கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் இசக்கியின் டீக்கடையில் உட்கார வைத்து, தன் பெருமையை ஒரு பாட்டம் பாடித் தீர்த்துவிடுவார். அன்றைக்கு மாட்டியது முப்பிடாதியும் அவள் புருசன் கொம்பையாவும். ரெண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிறதால் ஒரே மனு, ஒரே வக்கீல். பெஞ்சின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் இவள், நடுவில் மனு.

மனுவில் 'மனவேறுபாடு' என்றுதான் எழுதியிருந்தது. என்ன வேறுபாடு என்று வக்கீல் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் முப்பிடாதி கொட்டித் தீர்த்திருப்பாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனுசன் வாயைத் திறந்தால் புளுகு. போன வருசம் தெருவெல்லாம் போய், "எங்க வீட்டுல தேங்காப்பால் சொதி கொதிச்ச வாசத்துக்கு ரயிலு நின்னுட்டு, டிரைவர் தூக்குவாளியோட எறங்கி வந்துட்டாரு" என்று அளந்துவிட்டான். மறுநாள் பதினோரு பேர் தூக்குவாளியோடு வாசலில் நிற்கிறார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது அவளுக்கு. அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஆத்தா வீட்டுக்குப் போனவள்தான்.

"கையெழுத்த எங்க போடணும் சார்?" என்றாள்.

"அவசரப்படாதம்மா, டீயக் குடி. யார்கிட்ட வந்திருக்கோம்னு தெரியணும்லா? போன மாசம் ஒரு கேசு. நான் வாதாடுன வாதத்துல ஜட்ஜய்யாவுக்கே கண்ணு கலங்கிட்டு. தீர்ப்பப் பாதியில நிறுத்திட்டு வீட்டுக்குப் போயி, பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்துதான் மீதியப் படிச்சாரு."

முப்பிடாதி டீ கிளாசைத் தள்ளி வைத்தாள். இந்த ராகம் அவளுக்குப் பழசு.

"அது கெடக்கட்டும். இன்னொரு கேசுல, கிரைண்டரு யாருக்குன்னு அடிதடி. கோர்ட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டாக. நான் எந்திரிச்சு ஒரு வார்த்ததான் சொன்னேன், கல்லு தானா ரெண்டாப் பொளந்துட்டு. மாவு ஒரு பொட்டு சிந்தல, பாத்துக்கிடுங்க."

"கல்லு பொளந்தா மாவு எப்படி சார் சிந்தாம இருக்கும்?" என்றார் இசக்கி, டீயை ஆற்றிக்கொண்டே.

"கோர்ட்டுல நிக்கோம்ங்கிற பயம் மாவுக்கும் உண்டும்வே. ஏன், உம்ம கடையிலயே நடந்துச்சே? இதே பெஞ்சுல உக்காந்து ஒரு விவாகரத்துக்கு வாதம் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன். கையில இருந்த டீயில பாலு தனியா, தண்ணி தனியா பிரிஞ்சுபோச்சு."

"என் கடைப் பாலுல சொட்டுத் தண்ணி கெடையாது," என்றார் இசக்கி. கடையே சிரித்தது.

வக்கீலுக்கு இப்போது சுதி ஏறிவிட்டது. "வாய்தா வாங்குறதுல என்னய மிஞ்ச ஆள் கெடையாது. ஐப்பசியில கல்யாணம் வச்ச ஒருத்தன் வந்து அழுதான், மழை பந்தல நனைச்சிரும்னு. ஆத்தங்கரையில நின்னு வானத்தப் பாத்து ஒரே ஒரு மனு. மழை அப்படியே திரும்பிப் போயிட்டு. தை மாசம் என் ஆபீசு வாசல்ல வந்து, அய்யா இப்பப் பெய்யலாமான்னு கேட்டுக்கிட்டு நிக்கி."

இதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கொம்பையாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "மழை என்ன சார் மழை. இவ வைக்கிற சொதிக்கு ரயிலே நிக்கும்."

"ரயில்தானப்பா? நான் ஒரு தடவ இருமுனேன், மேல போன ஏரோப்பிளேன் நின்னுட்டு."

"அது என்ன சார், இவ நின்னு திட்டுனா எங்க தெரு அடிபம்புல தானா தண்ணி வரும். இவ போயி ஒரு வருசமாச்சு, தெருவே குடத்தோட நிக்கி." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

முப்பிடாதிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வக்கீலும் புளுகுகிறார், முழுக்க முழுக்கத் தன்னைப் பற்றியே. இந்த மனுசன் இத்தனை வருசத்தில் தன்னைப் பற்றி ஒரு புளுகு புளுகினதில்லை. எல்லாம் அவளைப் பற்றித்தான். இது ஏன் இவ்வளவு நாளாக மண்டையில் ஏறவில்லை என்று அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

மனுவை எடுத்து நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"சார், இதுக்கு ஒரு வாய்தா போடுங்க."

"எந்தத் தேதிக்கும்மா?"

"நீங்க ஒரு உண்மை சொல்லுத அன்னைக்கி வாரோம்." புருசன் பக்கம் திரும்பினாள். "எந்திரிங்க. குடத்தோட நிக்கிறவுகளுக்கு ஒரு வழி பண்ணுவோம்."

வக்கீல் பதறிப்போய் எழுந்தார். "என்னம்மா இது? இருவத்தஞ்சு வருசத்துல என் கையில வந்த கேசு ஒண்ணுகூடத் தவறிப் போனதில்ல."

இசக்கி கிளாசைக் கழுவிக் கவிழ்த்தார். "தேதி இன்னைக்கு இல்ல தாயி. நீங்க கெளம்புங்க."