உலகம்மாள் உட்கார்ந்த கார்

பாவூர்சத்திரத்தில் ஜெசிந்தா என்று ஒரு மெக்கானிக் இருந்தாள். வயது முப்பத்தெட்டு. தென்காசி ரோட்டில் மரக்கடையை அடுத்த ஒர்க் ஷாப் அவளுடையது. பழுது பார்க்க வந்த கார்கள் ஒரு பக்கம் நிற்கும். விற்றுத் தரச் சொல்லி விட்டுப்போன கார்கள் இன்னொரு பக்கம் நிற்கும்.

அவளுக்கு ஒரு சிஷ்யர் இருந்தார். பெயர் கோமதிநாயகம். வயது அறுபது. சர்வே ஆபீசில் நிலப்படம் வரைந்து ஓய்வு பெற்றவர்.

ஓய்வு பெற்ற மறுமாதமே அவர் ஒரு கார் வாங்குவதென்று முடிவு செய்திருந்தார். மனைவி உலகம்மாளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பஸ் படி ஏற முடியாது. விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் தங்கையைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. அந்தத் தங்கை போனில் அழுவாள். இவளும் பதிலுக்கு அழுவாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து அதைக் கேட்பது அவருக்குத் தாங்கவில்லை.

மச்சினன் டீசல் வண்டியைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள் என்றார். எதிர்வீட்டுக்காரர் புது வண்டிதான் நிம்மதி என்றார். போனில் வீடியோ பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியது. கோமதிநாயகம் ஒரு நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, பதினோரு கார்களுக்கு மார்க் போட்டார். மைலேஜுக்கு இத்தனை, டிக்கிக்கு இத்தனை, ஏசிக்கு இத்தனை. பிறகு அந்த நோட்டோடு ஜெசிந்தாவிடம் வந்தார்.

"இதுல எது நல்ல கார்னு நீ சொல்லணும்மா."

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டை முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாகப் படித்தாள்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு சார்."

"கார்?"

"உக்காரப் போறவங்களைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் உலகம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். விற்பனைக்கு நின்ற கார்களில் மூன்றின் கதவை ஜெசிந்தா திறந்து வைத்தாள். பிறகு தரையில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, காரைப் பார்க்காமல் உலகம்மாளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கார் வெள்ளை. நோட்டில் அதற்குத்தான் மார்க் அதிகம். உலகம்மாள் உள்ளே போய்விட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது உயரமான வண்டி. கதவை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள்.

"சிரிக்காம சொல்லுங்கம்மா" என்றாள் ஜெசிந்தா.

"வலிக்கு தாயி."

மூன்றாவது வெளிறிப்போன பழுப்பு நிறம். ஒன்பது வருஷ வண்டி. பின்னால் ஒரு நசுங்கல் வேறு. உலகம்மாள் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். எதையும் பிடிக்கவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள்.

"ஏங்க, நீங்க ஏறலையா?"

கோமதிநாயகம் ஜெசிந்தாவின் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார். "என் நோட்டுல இந்தக் காருக்குத்தாம்மா மார்க் ரொம்பக் கம்மி."

"அப்ப நோட்டுக்கு வெள்ளைக் காரை வாங்கிக் குடுங்க சார். அம்மாவுக்கு இது."

அன்றைக்கு அவர் சிஷ்யரானார். தினமும் காலையில் வருவார். கழற்றிப் போட்ட டயர் ஒன்றின்மேல் பழைய பேப்பரை விரித்து உட்காருவார். ஒரு கேள்வி கேட்பார். பதிலை வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்வார். மகள் வயதுள்ள ஒருத்தியைக் குரு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஜெசிந்தாவுக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அவர் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு தடவை ரோட்டை எட்டிப் பார்ப்பாள்.

"வண்டியில ஏதோ கோளாறுன்னு தோணினா முதல்ல என்ன செய்யணும்மா?"

"ஓரமா நிறுத்துங்க."

"அப்புறம்?"

"எஞ்சினை அணைச்சிட்டுச் சும்மா உக்காருங்க."

"அப்புறம்?"

"எனக்குப் போன் போடுங்க."

கோமதிநாயகத்துக்குச் சப்பென்று இருந்தது. ஒரு பக்கமாவது எழுதலாம் என்று நினைத்திருந்தார். மூன்று வரியில் முடிந்துவிட்டது.

அந்தப் பழுப்புக் காரையே வாங்கி, ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, தை மாதம் முதன்முதலாக உலகம்மாளை விக்கிரமசிங்கபுரம் கூட்டிப் போனார். அக்காவும் தங்கையும் வாசலிலேயே கட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே போக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவர் வெயிலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனிக்குள் இன்னும் மூன்று முறை போய் வந்தார்கள். டீக்கடையில் அவரிடம் ஆட்கள் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். என்ன ஆயில் ஊற்றலாம், பழைய பேட்டரியைப் போடலாமா, டயரை எப்போது மாற்றலாம். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. சிலவற்றை அவர் ஜெசிந்தாவிடம் கேட்டதே இல்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையம் தாண்டியதும் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. முன்னாலிருந்து ஆவி வந்தது. கோமதிநாயகம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்.

"ஜெசிக்குப் போன் போடுங்களேன்" என்றாள் உலகம்மாள்.

"ஞாயித்துக்கிழமை. அவ கோயில்ல இருப்பா."

"பூசை முடிஞ்சிருக்கும்."

"இது ஒண்ணுமில்ல உலகு. தண்ணி வத்தியிருக்கும். இதுக்கெல்லாமா அவளைக் கூப்பிடுவாங்க?"

பைக்கில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்றார். போனில் பார்த்த ஒரு வீடியோவிலும் அப்படித்தான் சொன்னதாகக் கோமதிநாயகத்துக்கு ஞாபகம். அந்த வீடியோவில் எவ்வளவு நேரம் பொறுக்கச் சொன்னார்கள் என்பது ஞாபகம் வரவில்லை. துண்டை நாலாக மடித்து ரேடியேட்டர் மூடியின்மேல் போட்டார்.

உலகம்மாள் காரை விட்டு இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து, தண்ணீர்ப் பாட்டிலோடு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அதை அவர் பார்க்கவில்லை.

மூடியைத் திருகினார். கொதித்த தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. அவர் துள்ளிப் பின்வாங்கினார். உலகம்மாளால் துள்ள முடியாது. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார்கள். காரை ஜெசிந்தா போய்க் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஐந்தாம் நாள் கோமதிநாயகம் ஒர்க் ஷாப்புக்கு வந்தார். டயரில் உட்காரவில்லை. நின்றார்.

"அம்மா எப்படி இருக்காங்க சார்?"

"தேவலை."

"எப்படி ஆச்சு?"

"மூடி தானா தெறிச்சிருச்சும்மா. பழைய மூடி."

ஜெசிந்தா மேஜையிலிருந்து ரேடியேட்டர் மூடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரை நூலளவு கோணலையும் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. விளிம்பு எங்கும் வளையவில்லை. ரப்பரில் ஒரு வெடிப்புகூட இல்லை.

மூடியை மேஜையிலேயே திரும்ப வைத்தார்.

"நான்தாம்மா திறந்தேன்."

"ம்."

"உலகு உனக்குப் போன் போடச் சொன்னா. நான் போடலை. எல்லாம் தெரியும்னு நினைச்சிட்டேன்."

ஜெசிந்தா காருக்கடியில் கையை விட்டு, ஒரு கறுப்பு ஹோஸை எடுத்து வந்தாள். ஒரு முனையில் நீளமாகக் கீறல் விட்டிருந்தது.

"தண்ணி இது வழியாத்தான் ஒழுகியிருக்கு. போன தடவை நீங்க வண்டியைக் கொண்டுவந்தப்பவே பார்த்தேன். இன்னும் மூணு மாசம் தாங்கும்னு விட்டுட்டேன். மாத்தியிருக்கணும்."

கோமதிநாயகம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை ஏம்மா எங்கிட்ட சொல்லுத? நீ சொல்லலைன்னா எனக்குத் தெரியவே தெரியாதே."

"எனக்குத் தெரியும்லா சார்."

அன்று சாயங்காலம் அவள் அவர் வீட்டுக்குப் போனாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா அதே ஹோஸைக் காட்டி, அதே வார்த்தைகளை அவளிடமும் சொன்னாள். உலகம்மாள் ஹோஸைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"குருவும் சிஷ்யரும் சேர்ந்து ஒரு கையைத்தானே வேக வச்சீங்க. இன்னொரு கை இருக்கு, காப்பி போட. உக்காரு" என்றாள்.

ஜெசிந்தா அவளை எழவிடவில்லை. தானே அடுப்படிக்குப் போனாள். கோமதிநாயகம் சர்க்கரை டப்பாவைத் தேடுகிற சாக்கில் பின்னாலேயே போய், சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கை ஆறியது. தோல் வேறு நிறத்தில் வளர்ந்தது. ஹோஸ் மாற்றி, கார் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. கோமதிநாயகம் அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி, நாலு மூலையிலும் கட்டிவிட்டார்.

"விக்கிரமசிங்கபுரம் எப்பப் போறோம்?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"டாக்ஸி பிடிக்கலாம்."

"நம்ம கார்?"

"அதை இனிமே நான் தொடமாட்டேன்."

"என் கை ஆறிட்டு. உங்களுக்குத்தான் இன்னும் ஆறலை" என்றாள் அவள்.

ஆனி மாதம் முதல் வாரம் ஒரு நாள் காலையில் காரைத் தெருத் தெருவாகத் தள்ளாத குறையாக, இருபதுக்கு மேல் போகாமல், ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிவந்தார். சாவியை நீட்டினார்.

"வித்துக் குடும்மா. நல்ல ஆளாப் பார்த்துக் குடு."

ஜெசிந்தா ஒரு வேனைப் பாதி பிரித்துப் போட்டிருந்தாள். கையெல்லாம் கிரீஸ். சாவியை வாங்கவில்லை.

"ஒரு வேலை இருக்கு சார். முடிச்சிட்டு வித்துக்கிடலாம்."

"சொல்லு."

அவள் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து ஒரு பெண் மெதுவாக நடந்து வந்தாள். ஜெசிந்தாவின் தங்கை அருள்சீலி. எட்டு மாதம். ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள், இன்னொரு கையில் ஆஸ்பத்திரி பைல்.

"இவ வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு. இன்னைக்குத் திருநெல்வேலில ஸ்கேன். பதினோரு மணிக்கு. கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

கோமதிநாயகம் இரண்டடி பின்னால் போனார்.

"நீ போயேன்மா."

"போகலாம்."

"அப்புறம் என்ன?"

ஜெசிந்தா காரின் பின்கதவைத் திறந்து பிடித்தாள். அருள்சீலி முதுகைக் காட்டித் திரும்பி, சிரமமில்லாமல் உட்கார்ந்துகொண்டாள். பைலை மடியில் வைத்துக்கொண்டு, "போலாமா பெரியப்பா?" என்றாள்.

கோமதிநாயகம் ஜெசிந்தாவை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"வெளையாடாத தாயி. ரெண்டு உசுரு. நான் என்ன செஞ்சவன்னு உனக்குத் தெரியாதா? கட்டுன பொண்டாட்டி பக்கத்துல நின்னதைக்கூடப் பார்க்காம மூடியைத் திறந்தவன். இந்த ஊர்ல கார் ஓட்ட வேற ஆளா இல்ல?"

"ரெண்டு பேர் வாரேன்னாங்க சார். ரெண்டு பேரும் இருபது வருசமா ஓட்டுறவங்க. இதுவரைக்கும் ஒரு தப்புகூடப் பண்ணினதில்லைன்னு சொன்னாங்க."

"அவங்களை அனுப்ப வேண்டியதுதானே?"

ஜெசிந்தா கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள். சாவி இருந்த அவர் கையை மெல்ல மூடிவிட்டாள்.

"அதைக் கேட்டதும்தான் பயமா இருந்தது சார்" என்றாள்.