யானைத் தடத்தில் ஒரு வாடகை வளை

மலையடிவாரக் காட்டில் பவளாயி என்ற முள்ளெலி இருந்தது. அதற்குப் பிரசவ நேரம் நெருங்கிவிட்டது. அவசரமாக ஒரு வளை தேடி அலைந்தது. உடும்பார்தான் ஒரு வளையைக் காட்டினார். நல்ல மெத்தென்ற மண், மழைத்தண்ணீர் இறங்காது. பிடிக்கிற வண்டுகளில் பாதி வாடகை என்று பேச்சு. உடும்பாருக்குக் காட்டில் வேறு வேலை எதுவும் கிடையாது. வாடகை வாங்குவதே வேலை!

அந்த வளையில் பவளாயிக்கு நான்கு குட்டிகள் பிறந்தன.

மூன்றாம் நாள் கௌதாரி வந்து எட்டிப் பார்த்தது. பார்த்ததும் பதறிப்போய்விட்டது.

"அடியே பவளாயி! இது யானைத் தடம்டி! இதுல யாரையும் குடிவைக்கக் கூடாதுன்னு காட்டுல சட்டமே இருக்கே! மழை முடிஞ்சாச்சு. யானைக் கூட்டம் இன்னிக்கோ நாளைக்கோ இந்த வழியாத்தான் திரும்பும்!"

பவளாயிக்குப் பாதி உயிர் போய்விட்டது. உடும்பாரிடம் ஓடியது.

"தெரிஞ்சுதான் குடுத்தேன். இப்ப என்ன?" என்றார் உடும்பார். "சட்டத்தை மீறிக் குடியிருக்கிறது நீ! வெளியே சொன்னா மாட்டிக்கிறதும் நீதான். மூச்சு விடாதே! நாளையிலேர்ந்து பாதி போதாது, முக்கால் பங்கு கொண்டா!"

பவளாயி வாயை மூடிக்கொண்டு திரும்பியது. குற்றம் தன்னுடையது என்றே நம்பிவிட்டது. ஏமாந்தவருக்கல்லவா குற்ற உணர்ச்சி வருகிறது, இது என்ன கொடுமை! குட்டிகளுக்கோ இன்னும் கண் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு போக வேறு இடமும் இல்லை.

மறுநாள் காலை தரை அதிர்ந்தது.

பறவைகள் பேச்சை நிறுத்தின. மூங்கில்கள் இரண்டு பக்கமும் விலகின. முதலில் தலைவி யானை வந்தது. அதன் நெற்றிக்கு மேலே வானம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. பின்னால் முப்பது யானைகள்!

பயம் வந்தால் முள்ளெலிகள் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பவளாயியின் உடம்பும் தானாகச் சுருளத் தொடங்கியது. ஆனால் சுருண்டுவிட்டால் கத்த முடியாதே! முள்ளே இல்லாத வயிற்றைக் காட்டிக்கொண்டு தடத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றது.

"பெரியம்மா, நில்லுங்க! உள்ளே என் குட்டிங்க!"

தலைவி தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. பின்னால் வந்த முப்பது யானைகளும் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு காதுகூட அசையவில்லை. அவ்வளவு பெரிய அமைதியை அந்தக் காடு அதுவரை கண்டதில்லை.

"உன்னை இங்கே குடிவெச்சது யாரு?" என்றது தலைவி.

புதரிலிருந்து உடும்பார் முந்திக்கொண்டு ஓடிவந்தார். "தாயே! சட்டத்தை மீறி உக்காந்திருக்கா! இவளுக்கு என்ன உரிமை? இப்பவே வெளியே தள்ளிடறேன்!"

"இவர்தான் பெரியம்மா! எனக்குத் தெரியாது, இவர் தெரிஞ்சே குடுத்து வாடகையும் வாங்கினார்!" என்று சொல்லிவிட்டது பவளாயி.

"இவ தெரியாம வந்தவ. நீ தெரிஞ்சே வாடகை வாங்கினவன்!" என்றது யானை. "யார் குட்டியும் மிதிபடக் கூடாதுன்னுதான் எங்க முன்னோர் இந்தச் சட்டம் போட்டாங்க. அதே சட்டத்தைக் காட்டிக் குட்டிங்களை வெளியே தள்ளப் பாக்கிறியா?"

நீண்ட நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு உடும்பார் நழுவப் பார்த்தார், தலைவி விடவில்லை.

"குட்டிங்க கண் திறந்து நடக்கிற வரைக்கும் இவளை யாரும் அசைக்கக் கூடாது. வாடகையும் கிடையாது. அதுக்குள்ளே மேட்டு நிலத்துல ஒரு நல்ல வளையை நீயே தோண்டிக் குடு!"

"அதுவரைக்கும் நீங்க எப்படிப் போவீங்க, பெரியம்மா?" என்று கேட்டது பவளாயி.

தூக்கிய காலைத் தலைவி மெல்லப் பின்னால் வைத்தது. தடத்தை விட்டு விலகி முட்புதருக்குள் இறங்கியது. எத்தனையோ தலைமுறையாக வழி மாறாத அந்தக் கூட்டம் ஒரு முள்ளெலிக்காக வளைந்து போனது. கடைசியாக வந்த குட்டியானைகூடக் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தது. பவளாயி வாய் பிளந்து நின்றது. அதன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வளைக்குள் நான்கு குட்டிகளும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

சட்டத்தை மீறி வாடகைக்கு விட்டவர்தான் குற்றவாளி. அங்கே குடியிருப்பவருக்கு உரிமை உண்டு, அதை வாய் திறந்து கேட்க வேண்டும்.