சுகிர்தா மேடம் ஐந்து முறை பாஸ் ஆன கதை

கோணச்சேரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரையும் கேட்காதீர்கள். வழி சொல்பவர் அந்த ஊர்க்காரராக இருந்துவிட்டால் நீங்கள் போய்ச் சேர மாட்டீர்கள். அங்கே ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. அதில் ஐந்து ஆசிரியர்கள். ஐந்து பேரும் நல்லவர்கள், சொன்ன சொல் தட்டாதவர்கள். பிரச்சினையே அதுதான்.

ஐவரில் அறிவாளி என்று பெயர் எடுத்தவர் அறிவியல் ஆசிரியர் பூவராகன். பள்ளிக் கம்ப்யூட்டர் ஒருநாள் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தபோது, பிளக்கைச் சொருகினால் வேலை செய்யும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அன்று முதல் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே அவர் தலையில் விழுந்தது. பிளக்கைத் தாண்டித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது பூவராகனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தேடி வந்த மரியாதையை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

அந்த வருஷம் பங்குனி மாதத்தில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பிள்ளைகள் இணையத்தில் எப்படிப் பத்திரமாகவும் பண்பாகவும் நடந்துகொள்ள வேண்டும் என்று ஆசிரியர்கள் எல்லோரும் ஆன்லைனில் பயிற்சி எடுக்க வேண்டுமாம். ‘மாணவர்களின் டிஜிட்டல் குடிமைப் பண்பு’ என்று அதற்குப் பெயர். கடைசியில் தேர்வு உண்டு. பாஸ் ஆனால் சான்றிதழ் உண்டு. சான்றிதழ் இல்லாதவர்கள் மே மாத விடுமுறையில் மாவட்டத் தலைநகருக்கு வந்து அதே பயிற்சியை நேரில் முடிக்க வேண்டும்.

மே மாதம் என்று படித்ததும் பூவராகன் அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி கனகவல்லியை ஊட்டிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு மே மாதத்தைத் தேர்தல் வேலை தின்றது. இன்னொன்றைக் கணக்கெடுப்பு தின்றது. இந்த வருஷம் கனகவல்லி அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தானே டிக்கெட் போட்டு, ஆளுக்கொரு ஸ்வெட்டரும் வாங்கிவிட்டார்.

“ஏங்க, இந்தத் தடவையும் ஏதாவது சாக்கு சொன்னீங்கன்னா நான் தனியாப் போயிடுவேன், பார்த்துக்குங்க” என்றார்.

“இந்தத் தடவை போறோம். என் தலையை அடகு வெச்சாவது போறோம்” என்றார் பூவராகன். அந்தத் தலையை எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள் என்று கனகவல்லி நினைத்திருக்கலாம், சொல்லவில்லை.

பயிற்சி ஆரம்பமானது. தலைமையாசிரியை குணவதி நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் கணக்கு டீச்சர் சம்மனசும் தமிழய்யா தணிகாசலமும். மறு பக்கம் பி.டி. மாஸ்டர் தேசிங்கும் பூவராகனும். திரையில் சிரித்த முகமாக ஓர் அம்மா வந்தார். “வணக்கம், நான் சுகிர்தா, உங்கள் பயிற்சியாளர். இங்கே கற்றதை நீங்கள் உடனுக்குடன் கடைப்பிடித்தால்தான் மாணவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க முடியும்” என்றார்.

“கேட்டீங்களா எல்லாரும்? உடனுக்குடன்” என்றார் குணவதி. கோணச்சேரிப் பள்ளி கெட்டது அந்த நிமிஷத்தில்தான்.

முதல் பாடம் ஓடும்போதே கரண்ட் போனது. காணொளி முடியும்வரை திரையை விட்டு அகலக் கூடாது என்று முன்பே எழுதிப் போட்டிருந்தார்கள். ஐந்து பேரும் கறுத்துப் போன திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்கள்.

“மேடம், முடிஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன்” என்றார் தேசிங்கு.

“முடிஞ்சா ‘முடிந்தது’ன்னு வரும். வரலையே.”

“கரண்ட் போயிருச்சு மேடம்.”

“கரண்ட் போனா எந்திரிச்சுப் போகலாம்னு எங்கேயாவது போட்டிருக்கா?”

போட்டிருக்கவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்தபோது தணிகாசலம் மட்டும் கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தபடி தூங்கியதால் அதில் குற்றம் இல்லை என்று முடிவானது.

அடுத்த பாடம் கடவுச்சொல். அதை யாரிடமும் சொல்லக் கூடாது, எங்கும் எழுதி வைக்கவும் கூடாது என்று சுகிர்தா மேடம் கண்டிப்பாகச் சொன்னார். பள்ளிக்கு இருந்ததோ ஒரே கணக்கு, அதற்கு ஒரே கடவுச்சொல். ஐந்து பேருக்குத் தெரிந்தால் ரகசியம் இல்லை. ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவர் லீவு போட்ட அன்றைக்கு மற்றவர்கள் கதி என்ன?

பூவராகன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கடவுச்சொல்லை ஐந்து துண்டாகப் போடுவது. ஆளுக்கு இரண்டு எழுத்து. அவரவர் துண்டு அவரவருக்கு மட்டும். ஒருவர் உள்ளே தட்டும்போது மற்ற நால்வரும் வராந்தாவில் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அறிவாளி அறிவாளிதான் என்று குணவதி மெச்சினார். பூவராகனுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை டீச்சர்கள் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்தார்கள். என்ன தப்பு செய்தார்கள் என்று தெரியாவிட்டாலும், கடைசியில் நியாயம் பிறந்ததில் அவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தேசிங்கு விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போன வாரத்தில், தினமும் பஸ் பிடித்து வந்து இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுதானே பாடம்.

அதற்கடுத்து, எதையும் சொடுக்கும் முன் சிந்தியுங்கள் என்றார் சுகிர்தா மேடம். சிந்தித்தார்கள். ‘அடுத்த பக்கம்’ என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் ஐந்து பேரும் கண்ணை மூடிச் சிந்தித்தார்கள். கண்ணைத் திறந்தபோது நேரம் முடிந்து பாடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தது.

“இப்படியே போனா எப்ப முடிக்கிறது?” என்றார் பூவராகன். மே மாதம் அவர் கண்ணுக்கு முன்னால் நின்றது.

“அதுக்காக யோசிக்காம அழுத்தச் சொல்றீங்களா சார்?” என்றார் சம்மனசு.

“அப்படிச் சொல்லலை. முன்கூட்டியே யோசிச்சு வெச்சுக்கலாமே. அவங்க முன்னன்னுதான் சொன்னாங்க, எவ்வளவு முன்னன்னு சொல்லலையே.”

அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. அன்று முதல் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும், அன்றைக்குத் தேவையான சொடுக்குகளுக்கெல்லாம் சேர்த்து ஐவரும் கொடிக்கம்பத்தடியில் நின்று மொத்தமாகச் சிந்தித்தார்கள். என்னத்தைச் சிந்திப்பது என்று பூவராகனுக்கு விளங்கவில்லை. அவர் பெரும்பாலும் ஊட்டி ரயிலைத்தான் சிந்தித்தார். ஆனாலும் பாடங்கள் மளமளவென்று நகர்ந்தன, அதனால் முறை சரிதான் என்று நம்பினார்.

கடைசிப் பாடம் சொந்த விவரங்களைப் பற்றியது. “இணையத்தில் யார் கேட்டாலும் உங்கள் பெயர், ஊர், பள்ளி, தொலைபேசி எண் எதையும் கொடுத்துவிடாதீர்கள். எவ்வளவு நல்லவர்போல் கேட்டாலும் கொடுக்காதீர்கள்” என்றார் சுகிர்தா மேடம். இதைத்தான் பிள்ளைகள் முக்கியமாகக் கற்க வேண்டும் என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்னார். ஐவரும் தலையாட்டினார்கள்.

அப்புறம் தேர்வு. ஆளுக்கு ஒரு தடவை உட்கார்ந்து எழுதினார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்களுக்குச் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதா கஷ்டம்? ஐந்து பேரும் நூற்றுக்கு நூறு. குணவதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூவராகனுக்கு நிஜமாகவே நெஞ்சு நிறைந்துவிட்டது. கனகவல்லியிடம் போய் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்.

அப்போது திரையில், ‘சான்றிதழில் இடம்பெற வேண்டிய பெயரை உள்ளிடவும்’ என்று வந்தது.

ஐவரும் திரைக்கு இன்னும் கிட்டே போய்ப் படித்தார்கள்.

“பேரு கேக்குது” என்றார் தேசிங்கு.

“கேக்கும். கேட்டா கொடுக்காதேன்னு சொன்னதும் அதுதான்” என்றார் சம்மனசு. “இது சோதனை சார். பரீட்சையில பாஸ் ஆன சந்தோஷத்துல ஏமாந்து கொடுக்குறோமான்னு பார்க்குது.”

“எவ்வளவு நல்லவர்போல் கேட்டாலும்னு அந்தம்மா சொன்னது இதைத்தான்” என்றார் தணிகாசலம்.

பெயரே போடாமல் அழுத்திப் பார்த்தார்கள். பெயர் வேண்டும் என்று கம்ப்யூட்டர் அடம் பிடித்தது. இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறவன் நல்லவனாக இருக்க முடியாது என்று ஐவரும் முடிவு கட்டினார்கள்.

“பொய்யா ஒரு பேரைப் போட்டுட்டா?” என்றார் தேசிங்கு.

“வாத்தியார் பொய் சொல்லலாமா?” என்றார் தணிகாசலம்.

எல்லோரும் அறிவாளியைப் பார்த்தார்கள். பூவராகன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு பெயர் வேண்டும். அது நிஜப் பெயராக இருக்க வேண்டும். ஆனால் இங்கிருந்து எந்த விவரமும் வெளியே போகக் கூடாது. சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

“சுகிர்தான்னு போடுவோம். அந்தப் பேரை அவங்களே நமக்குச் சொன்னாங்க. கம்ப்யூட்டருக்கு அது ஏற்கெனவே தெரியும். நாம புதுசா எதையும் கொடுத்ததா ஆகாது.”

குணவதி எழுந்து நின்று, “பூவராகன் சார், நீங்க இங்க இருக்க வேண்டிய ஆளே இல்லை” என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

ஐந்து சான்றிதழ்கள் வந்தன. ஐந்திலும் சுகிர்தா. தலைமையாசிரியை அறையில் அவற்றை வரிசையாக மாட்டினார்கள். பூவராகன் வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிப் போனார். கனகவல்லி அன்று அவருக்கு ஸ்வெட்டரைப் போட்டு அழகு பார்த்தார். பங்குனி வெயிலில் அவர் அதைக் கழற்றவே இல்லை.

விடுமுறை விட்ட மறுநாள் மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. கோணச்சேரிப் பள்ளியில் ஒருவரும் தேர்ச்சி பெறவில்லை, ஐவரும் பயிற்சிக்கு நேரில் வர வேண்டும். ஊட்டி டிக்கெட் போட்டிருந்த அதே தேதி.

பூவராகன் செய்தியைப் படித்துக் காட்டினார். கனகவல்லி சண்டை போடவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வேதனையாக இருந்தது. கனகவல்லி போனை எடுத்துத் தங்கச்சியைக் கூப்பிட்டு, “ஏண்டி, ஊட்டிக்கு வரியா? ஒரு டிக்கெட் சும்மாத்தான் இருக்கு. ஸ்வெட்டரும் இருக்கு, உனக்குக் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும்” என்றார்.

பயிற்சி மையத்தில் ஒரு பெரிய கூடம், ஐந்து நாற்காலி, ஒரு கரும்பலகை, ஒரு கிளார்க். மாவட்டத்தில் மற்ற எல்லோரும் பாஸ் ஆகிவிட்டதால் இவர்கள் ஐந்து பேர்தான். பயிற்சியாளரைக் காணோம்.

“சுகிர்தா மேடம் எப்ப வருவாங்க?” என்று கேட்டார் பூவராகன்.

“அவங்க எங்க சார் வர்றது?” என்றார் கிளார்க். “சான்றிதழ் வாங்கினவங்களுக்கு நேர்ப் பயிற்சியிலிருந்து விலக்கு. அந்தம்மா ஒண்ணில்லை, அஞ்சு வாங்கியிருக்காங்க. அவங்க பேரை இந்தப் பயிற்சியில எப்படிப் போட்டாலும் கம்ப்யூட்டர் தூக்கித் தூக்கி எறியுது. நாங்களும் முட்டி மோதிப் பார்த்துட்டோம். சரின்னு லீவு போட்டுட்டுக் குடும்பத்தோட ஊட்டிக்குப் போயிட்டாங்க.”

பூவராகனுக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. குணவதிக்கோ ஒரே சந்தோஷம். “நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சு ஒருத்தராவது தேறினாங்களே” என்றார்.

“அப்ப வகுப்பை யாரு நடத்துறது?” என்றார் பூவராகன்.

“உங்களுக்குள்ளே ஒருத்தர் நடத்திக்குங்க சார். எனக்கு வருகைப் பதிவு வந்தா போதும்” என்று கிளார்க் ஒரு தாளை நீட்டினார். “ஒரு நாள் ஆப்சென்ட் ஆனாலும் பயிற்சி செல்லாது, சொல்லிட்டேன். அடுத்த மே மாசம் மறுபடி வரணும்.”

நடத்துவது யார் என்பதில் விவாதமே எழவில்லை. நால்வரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பூவராகன் கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று தாளைப் பார்த்தார். ‘நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களுக்கு மட்டும் வருகை பதியவும்’ என்று மேலே அச்சடித்திருந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தார். குணவதி உள்ளேன் என்றார். சம்மனசு உள்ளேன் என்றார். தணிகாசலத்தைத் தேசிங்கு தட்டி எழுப்பினார், அவரும் உள்ளேன் என்றார். தேசிங்கு எழுந்து நின்று சொல்லிவிட்டு, கேள்வி வந்துவிடுமோ என்று பயந்து உடனே உட்கார்ந்துகொண்டார்.

“பூவராகன்” என்று கூப்பிட்டார் பூவராகன்.

பதில் இல்லை. ஐந்தாவது நாற்காலி காலியாக இருந்தது.

“பூவராகன் வந்திருக்காரா?”

“காலையில என்னோட பஸ்ல வந்தாரே சார்” என்றார் தேசிங்கு.

“பஸ்ஸுல வந்தா ஆச்சா? வகுப்புக்குல்ல வரணும்” என்றார் குணவதி.

பூவராகன் வாசலை எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்தும் பார்த்தார். ஒருவரும் வருவதாகத் தெரியவில்லை. இப்படிப் பொறுப்பில்லாத ஆளை வைத்துக்கொண்டு என்னத்தைச் செய்வது என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. அந்தப் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டார். அடுத்த மே மாதமும் அந்த ஆளுக்கு இதே கூடம்தான் என்று நினைத்தபோது மட்டும் மனசு கொஞ்சம் இளகியது.

“பாவம், கட்டின பொண்டாட்டியை இவன் எங்கே ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போகப் போறான்” என்று சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்து முதல் பாடத்தை எழுதத் தொடங்கினார்.