கோட்டை வாசலில் மாட்டிய முகங்கள்

முன்பொரு காலத்தில் நெல்லிக்கோட்டைச் சீமையை உதயசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி அவனுக்கு. அரண்மனையில் படம் எழுதுகிறவள் செங்கமலம். கண்ணால் கண்டதைத்தான் எழுதுவாள். பிழைக்கத் தெரியாதவள் என்று சபையில் அவளுக்குப் பெயர்.

ஒருநாள் ராஜாவையே எழுதினாள். வழுக்கை இருந்தது, தொந்தியும் இருந்தது. ராஜா படத்தைக் கிழித்து எறிந்தான்.

அவள்மேல் வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த பிரதானி மார்த்தாண்டருக்கு இது போதாதா?

"மகாராஜா, நம் முகம் நமக்குத் தெரியாதா? கண்ணாடியைப் பார்த்து அவரவர் படத்தை அவரவரே எழுதிக்கொள்வோம். இவளை ஊரைவிட்டே அனுப்பிவிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் ராஜா.

வேறு சீமையில் செங்கமலத்துக்கு யாரைத் தெரியும்? ஆனாலும் கைகூப்பினாள்.

"போகிறேன் மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். நீங்களெல்லாம் எழுதும் படங்களைக் கோட்டை வாசலில் மாட்டுங்கள். படத்தோடு முகம் ஒத்துப்போகிறவரைக் காவல்காரன் உள்ளே விடட்டும். எல்லோரும் தடையில்லாமல் நுழைந்துவிட்டால் அன்றைக்கே மூட்டை கட்டுகிறேன்."

"பேஷ்! ஒத்துப்போகாதவன் யாராயிருந்தாலும் வெளியே நிற்கட்டும். மீறி உள்ளே விட்டால் காவல்காரன் தலை போகும்!" என்றான் ராஜா.

செங்கமலம் நன்றாகக் குனிந்து வணங்கினாள். சிரிப்பை மறைக்க அதுதான் வசதி.

அப்புறம் சபை எங்கே நடந்தது? ஆளுக்கொரு கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டார்கள். மார்த்தாண்டரின் படத்தில் சப்பை மூக்கு கூர்மையாகிவிட்டது. ராஜாவின் படத்தில் சுருள்முடி தோளில் புரண்டது, இடுப்போ கொடிபோல.

படங்கள் மாட்டிய மறுநாள் மார்த்தாண்டர்தான் முதலில் வந்தார். காவல்காரன் வீரணன் படத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"இவரு வந்தா விடுறேன் சாமி. நீங்க இவருக்கு அப்பாரா?"

கொஞ்ச நேரத்தில் மொத்தச் சபையும் வெயிலில் நின்றது. வேட்டைக்குப் போயிருந்த ராஜாவும் குதிரையில் வந்து சேர்ந்தான். வீரணன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"மடையா, நான் ராஜா!"

"எனக்குத் தெரியுது ராசா. படத்துக்குத் தெரியலையே! விட்டா என் தலை போயிடுமே!"

வெயில் ராஜாவின் மண்டையைப் பிளந்தது. "கூப்பிடு செங்கமலத்தை!" என்று கத்தினான்.

அவள் கரித்துண்டோடு வந்தாள். வாசல் சுவரிலேயே வழுக்கை, தொந்தி, கோபத்தில் துடிக்கும் மீசை எல்லாவற்றையும் எழுதினாள். வீரணன் ஒருமுறை பார்த்தான். ஈட்டியை வீசிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "என் வீட்டுக்குள் நான் போக உன் தயவு வேண்டியிருக்கிறதே! நீ எங்கேயும் போகவேண்டாம்" என்று முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான். பிறகு மார்த்தாண்டரைப் பார்த்தான். "கட்டளை கட்டளைதான் பிரதானி. நீர் எழுதின ஆளைக் கூட்டிவாரும். இல்லையென்றால் இவளிடம் படம் எழுதி வாங்கும்."

உச்சிவெயிலில் சபையே அவள்முன் வரிசையில் நின்றது. கடைசி ஆள் மார்த்தாண்டர்.

"ஐயாவுக்கு மூக்கு எப்படி இருக்கட்டும்?" என்று வெகு பணிவாகக் கேட்டாள் செங்கமலம்.

"இருக்கிறபடியே எழுது தாயே!" என்றார் பிரதானி. "ஒரு மருவைக்கூட விட்டுவிடாதே!"