தாரை நீர் பெற்ற நத்தை

மணலுக்கு அடியிலும் தண்ணீரை மறைத்துவைத்த ஈசன் திருவருளால், தேரிநாட்டுச் செம்மணல் நடுவே ஒரு சுனை சுரந்தது. அதில் கடுகளவே ஆன ஒருவகை நத்தை வாழ்ந்தது. பாசியை மேய்ந்து நீரைத் தெளிவாக வைத்திருந்தது. அந்த இனம் வேறெந்த நீரிலும் கிடையாது.

போரில் வென்று வந்த படைத்தலைவர் மழவராயர் அச்சுனையைத் தானமாகக் கேட்டார். மன்னன் கடம்பதரையனும் வாக்களித்துவிட்டான்.

"சுற்றிலும் சுண்ணாம்புச் சாந்து பூசி, நீராடும் தடாகம் ஆக்கப்போகிறேன்" என்றார் மழவராயர்.

அவைப்புலவர் பூவணர் முன்வந்தார். "அரசே, சுண்ணாம்பு பட்டால் ஒரு நத்தையும் மிஞ்சாது. ஈசன் படைத்த ஓர் இனமே அற்றுப்போகும்."

"நத்தைக்குப் பரிந்து வந்தீரோ? நாளை அட்டைக்கும் வருவீர் போலும்!" என்று நகைத்தார் மழவராயர்.

மன்னன் கையமர்த்தினான். "பூவணரே, என் வாக்கும் தவறக் கூடாது, நத்தையும் அழியக் கூடாது என்றால் வழி சொல்லும். நாளைக் காலை இவர் கையில் நீர் ஊற்றித் தாரை வார்ப்பேன். அதற்குள் வழி பிறக்காவிடில் சுண்ணாம்பை நீரே குழைக்க வேண்டும்."

மறுநாள் பூவணர் திருநீறு துலங்க, ஈரக் கல்லொன்றுடன் அவைக்கு வந்தார்.

"நிலம் பெறுவோர் அந்நிலத்து மண்ணை ஏந்திப் பெறுவது மரபு. இது சுனையின் பாசிக்கல். ஏந்திக்கொள்ளும், மழவராயரே."

மழவராயர் பெருமையுடன் ஏந்தினார். மன்னன் கெண்டியைச் சாய்த்தான். நீர் கல்லின்மேல் விழுந்து, அவர் விரலிடுக்கில் வழிந்தது.

"தானம் முடிந்தது" என்றார் பூவணர். "சுனை நத்தையாருக்கு உரியதாயிற்று."

"எந்த நத்தை?"

"உம் கையில் கல்லின்மேல் அமர்ந்திருப்பவர். முதல் துளி அவர்மேல்தான் விழுந்தது."

"விழுந்தால்?"

"சென்ற ஆண்டு உம் தமையனாருக்கு மருதங்குளம் என்ற ஊரைத் தாரை வார்த்தபோது, குறுக்கே கை நீட்டியவர் யார்? 'முதல் துளி பெற்றவருக்கே தானம்' என்று வாதாடி அவ்வூரைப் பெற்றவர் யார்?"

மழவராயர் விதானத்தில் இருந்த ஓவியங்களை ஆராயத் தொடங்கினார்.

மன்னன் முகத்தில் சலனமில்லை. "அந்தத் தீர்ப்பு என்னுடையதுதான். உம் கையில் வார்ப்பதாகச் சொன்னேன், வார்த்துவிட்டேன். வார்த்த தானம் மீளாது. ஆனால், பூவணரே, தானம் பெற்றவர் மன்னனை வாழ்த்த வேண்டுமே?"

பூவணர் கல்லருகே செவியை வைத்து நெடுநேரம் நின்றார்.

"என்ன சொல்கிறார்?"

"மௌனமாக இருக்கிறார், அரசே. தானம் பெற்ற கையோடு 'இன்னும் ஒன்று' என்று தொடங்காத ஒருவரை இவ்வவை இன்றுதான் காண்கிறது."

மன்னன் அரியணை அதிரச் சிரித்தான். "சுனையை இனி எவரும் தொடலாகாது! பூவணரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்? தயங்காமல் கேளும்."

"ஒரு கிண்ணம் சுனைநீர் போதும், அரசே. சற்று விரைவாகக் கிடைத்தால் நலம். சுனைக்கு உரியவர் உலர்ந்துகொண்டிருக்கிறார்."